பட்டைக்காக நட்ட காடு

தோலைப் பதப்படுத்தக் குரோமியம் வருவதற்கு முன்பு ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைத் தோல் ஆலைகளுக்கு ஆவாரம் பட்டையும் கடுக்காயும்தான் ஆதாரம். ஆவாரம் பட்டை போதாதபோது ஆப்பிரிக்காவிலிருந்து சீகை (வாட்டில்) மரத்தின் பட்டை கப்பலில் வந்தது. ஆவாரையைவிட அதில் துவர்ப்புச் சத்து அதிகம். சுதந்திரத்துக்குப் பின், அந்தப் பட்டையை இங்கேயே விளைவிக்க நீலகிரியிலும் பழனிமலையிலும் அரசு சீகை மரங்களை நட்டது. நட்ட இடங்களில் பல, சோலைக்காடுகளை ஒட்டிய இயற்கைப் புல்வெளிகள். அவற்றை வெற்று நிலமாகப் பார்த்தது பெரும்பிழை.

பட்டையில் வாரக்கணக்கில் ஊற வேண்டிய தோல் குரோமியத்தில் ஓரிரு நாளில் பதமாகிவிடும். ஆலைகள் மாறின. மலையில் சீகை மட்டும் நெருக்கமாகப் பெருகியது.

கேழ்வரகு நெருக்கமாக முளைத்தால் உழவர் பயிர் கலைப்பார். மரத்துக்கும் அதே நியாயம்தான். நெருங்கி நிற்கும் மரங்கள் நீருக்கும் வெளிச்சத்துக்கும் போட்டியிட்டு ஒல்லியாக உயர்கின்றன, கீழ்க்கிளைகள் காய்கின்றன, நலிந்தவை சாய்கின்றன. பிப்ரவரி முதல் மே வரையிலான தீக்காலத்தில், சருகில் பற்றும் நெருப்பு காய்ந்த கிளைகளைப் பிடித்து உச்சிக்கு ஏறுகிறது. இடைவெளி விட்ட காட்டில் அது பெரும்பாலும் தரையோடு நிற்கும். தரைத்தீயைப் பச்சைக் கிளையால் அடித்தே அணைத்துவிடலாம். உச்சிக்கு ஏறிய தீயிடம் அது பலிக்காது.

அப்படியானால் சீகையை மொத்தமாக வெட்டிவிடலாமா? கூடாது. அதன் விதைகள் மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். மரங்களை வெட்டித் திறந்துவிட்ட இடத்தில் தீ பட்டால், அந்தச் சூட்டில் கெட்டியான விதைத்தோல் வெடித்து, அவை கூட்டமாக முளைக்கும். தவிர, கொடைக்கானலை அடுத்த வட்டக்கானல் பாதுகாப்பு அறக்கட்டளையினர் கவனித்துச் சொன்ன உண்மை ஒன்று உண்டு: சீகையின் நிழலிலேயே சோலை மரக்கன்றுகள் எழுகின்றன. அத்தகைய இடத்தில் சீகையைப் படிப்படியாகக் கலைத்துவிட்டால் சோலை தானே மேலேறும். புல்வெளிக்குள் புதிதாக நுழையும் சீகைக் கன்றுகளையோ வேரோடு பிடுங்குவதே வழி.

தென்னாப்பிரிக்கா 1995 முதல் சீகை உள்ளிட்ட அயல் மரங்களைக் கூலியாட்களைக் கொண்டு அகற்றிவருகிறது. வெட்டிய இடத்துக்குத் திரும்பத் திரும்பப் போகாவிட்டால் செலவெல்லாம் வீண் என்பதே அங்கே கிடைத்த பாடம்.

அயல் தாவரங்களை அகற்றிக் காட்டை மீட்க 2022-இல் தமிழ்நாடு தனிக் கொள்கை வகுத்தது. முதுமலையில் வெட்டிய மஞ்சக்கொன்னை என்னும் அயல் மரங்கள் அரசின் காகித ஆலைக்குக் கூழாக்கப் போயின. நல்ல தொடக்கம். இனி வெட்டுக்கூலியோடு, பின்வரும் ஆண்டுகளின் களையெடுப்புக்கும் சேர்த்தே பணம் ஒதுக்க வேண்டும். மரம் விற்ற காசையும் அதற்கே கொடுக்க வேண்டும்.