பெற்றவளைப் பழிப்பது ஏன்?

எங்கள் தெருவில் ஆறு வயது பையன் ஒருவன். தாமதமாகத்தான் நடந்தான். ஓடினால் தொபுக்கென்று விழுவான். தரையிலிருந்து எழும்போது, முழங்கால், தொடை என்று தன் உடம்பின் மேலேயே கையை ஊன்றி ஊன்றித்தான் எழுவான். கெண்டைக்கால் மட்டும் திரண்டிருக்கும். "பயில்வான் காலுடி!" என்று பாட்டிக்கு ஒரே பெருமை. ரத்தத்தில் சி.பி.கே., அளவு பல மடங்கு இருக்க, ஜீன் பரிசோதனையில், 'டுஷேன்' தசைச்சிதைவு நோய் என்று தெரிந்தது.

அன்று பிடித்தது சனி. "உன் பொறந்த வீட்டு சீக்கை எங்க வம்சத்துல கொண்டாந்து விட்டுட்டியே..." என்று மருமகளை வறுத்தெடுக்கிறார் மாமியார். "சொந்தத்துல கட்டியிருந்தா இப்படி ஆகுமா?" என்று ஓரகத்தி வேறு. என்னத்தைச் சொல்ல!

சகோதரிகளே, விஷயம் இதுதான். தசையைக் காக்கும் டிஸ்ட்ரோபின் என்ற புரதத்துக்கான ஜீன், எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. நமக்கு இரண்டு எக்ஸ். ஒன்று பழுதானாலும், பெரும்பாலும் மற்றது ஈடு கட்டிவிடும். ஆண் பிள்ளைக்கு ஒன்றே ஒன்று. அதுவும் அம்மாவிடமிருந்து வருவது. பழுதைச் சுமக்கும் தாய்க்குப் பிறக்கும் ஒவ்வொரு ஆண் குழந்தைக்கும், நோய் வர பாதிக்குப் பாதி வாய்ப்பு. ஆனால், ஏறக்குறைய மூன்றில் ஒரு பையனுக்கு இந்தப் பழுது புதிதாகவே உண்டாகிறது. தாயிடம் இருப்பதே இல்லை. சொந்தமோ, அசலோ, இந்த வகைக்கு சம்பந்தமில்லை. இடுப்பு, தோள் தசைகளைத் தாக்கும் வேறு சில வகைகளில்தான், அப்பா, அம்மா இருவரிடமிருந்தும் பழுது வர வேண்டும். அங்கே, சொந்தத்தில் கட்டுவதுதான் ஆபத்து!

ஏசுகிற நேரத்தில், அந்தத் தாய்க்கும் ஜீன் பரிசோதனை செய்திருக்கலாம். வேலூர் சி.எம்.சி.,யில் வசதி உண்டு. அவளுக்குப் பழுது இருந்தால், புதிதாகக் கல்யாணமான தங்கைக்கும் இருக்கலாம். "அவ புருஷன் வீட்டுக்குத் தெரிஞ்சா வாழாவெட்டி ஆயிடுவாக்கா" என்று மறைக்கிறார்கள். முன்பே தெரிந்தால்தானே, கர்ப்பமான 11வது வாரத்துக்குப் பின், நஞ்சுக்கொடியில் துளி எடுத்துப் பார்க்க முடியும்?

இதயமும் தசைதானே! பையனுக்கு நோய் தெரிந்த உடனேயே 'எக்கோ' எடுத்து, தவறாமல் தொடர்ந்து பார்க்க வேண்டும். பழுதைச் சுமக்கும் தாயின் இதயமும் பலவீனமாகலாம். அவளும் எக்கோ எடுக்க வேண்டும். திட்டு வாங்கும் மருமகளின் நெஞ்சைப் பற்றி எந்த வீட்டில் நினைக்கிறார்கள்?

அடியோடு குணமாக்க மருந்து இல்லை. டாக்டர் தரும் ஸ்டீராய்டு மாத்திரை, நடக்கும் காலத்தை நீட்டிக்கும். அதைத் திடீரென்று நிறுத்தக் கூடாது.

தசைச்சிதைவு பெண்களையும் விடுவதில்லை. சேலத்தில், வானவன் மாதேவி, இயல் இசை வல்லபி என்ற சகோதரிகள் இருவருக்குமே இந்நோய். தங்களைப் போன்றவர்களுக்காக, 2009ல் ஆதவ் அறக்கட்டளையைத் துவங்கினர். வானவன் மாதேவி 2017ல் காலமானார்.

மாற்றுத்திறனாளிகளுக்கான 2016ம் ஆண்டு சட்டத்தில், தசைச்சிதைவும் சேர்க்கப்பட்டுள்ளது. தமிழக அரசு, மாதாந்திர பராமரிப்புத் தொகையும் தருகிறது. 2019ல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமான பின், நம்மூர்க்காரர்கள் இதற்காக விழுப்புரம் வரை அலைய வேண்டியதில்லை. கள்ளக்குறிச்சியிலேயே, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். டாக்டர் சான்றிதழையும், ஆதாரையும் கையோடு எடுத்துப் போங்கள்.

— ஒரு வாசகி, உளுந்தூர்பேட்டை.