ஐம்பத்தோராவது குடம்

பிளாஸ்டிக் குடத்தின் கழுத்து குறுகியிருப்பது தண்ணீர் தளும்பாமல் இருக்க. அந்தக் குறுகலை எந்தச் சட்டமும் ஒருவருக்கே சொந்தமாக்காது. அதே குடத்தின் தோளைச் சுற்றிப் புடைப்பாக ஒரு கொடி ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதனால் ஒரு சொட்டு நீரும் கூடுதலாகப் பிடிக்காது. பார்க்க அழகாக இருக்கும், அவ்வளவுதான். நம் நாட்டின் வடிவமைப்புச் சட்டம், 2000 காப்பது இந்தக் கொடியைத்தான். உருவம், கோலம், வண்ணச் சேர்க்கை எனக் கண் பார்த்து மதிப்பது எதுவோ அதுவே வடிவமைப்பு. பொருள் வேலைசெய்யும் விதம் அதில் சேராது. பதிவு செய்தவருக்கு 10 ஆண்டு தனியுரிமை. நீட்டித்தால் மேலும் 5 ஆண்டு.

இதில் நின்று கவனிக்க வேண்டியது 50 என்ற எண். கொடி தாளில் வரைந்த ஓவியமாக இருக்கையில் பதிப்புரிமை தானாகவே வந்துவிடும். வரைந்தவர் மறைந்த பிறகும் 60 ஆண்டு நிற்கும். அதே கொடியை மோல்டில் வெட்டிக் குடமாக்கும்போது 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 15(2) பிரிவு குறுக்கே வருகிறது. பதிவுசெய்யத்தக்க வடிவமைப்பைப் பதிவுசெய்யாமல், உரியவரோ அவர் அனுமதி பெற்றவரோ ஆலை உற்பத்தியில் 50 முறைக்கு மேல் பொருளாக்கினால், அந்த வடிவமைப்பின் பதிப்புரிமை அற்றுப்போகும். ஐம்பதாவது குடம்வரை இருந்த உரிமை, ஐம்பத்தோராவது குடம் மோல்டிலிருந்து இறங்கும்போது இருக்காது. அப்போது போய்ப் பதிவுசெய்யலாமே என்றால், பதிவுக்குப் புதுமை வேண்டும். கடையில் தொங்கிய, விளம்பரத்தில் படமாக வந்த கொடி புதியதாகாது. சரக்கு நன்றாக விற்றதே உரியவருக்கு வினையாகிவிடுகிறது.

நகல் எடுத்தால்தான் விலை இறங்கும், ஏழை வீட்டுக்கும் குடம் போகும் என்பார்கள். குடம் செய்வதை யாரும் தடுக்கவில்லை. தலைமுறைகளாகப் புழங்கும் கழுத்தும் வயிறும் எல்லாருக்கும் பொது. வேறு கொடி வரைந்துகொள் என்பதுதான் சட்டம் கேட்பது. பதிவு செய்த கொடியும் 15 ஆண்டுக்குள் பொதுவாகிவிடும். 1787இல் பிரிட்டன் அச்சுத் துணிகளின் கோலத்துக்குக் காப்பு தந்தபோது காலம் 2 மாதமே. தனியுரிமைக்கு எல்லை வேண்டும் என்ற எண்ணம் அன்றே இருந்தது. பதிவு இல்லாமலே காப்பு தரலாமே என்ற கேள்வி நியாயமானது. ஆனால் எது யாருடையது என்று பதிவேட்டில் இருந்தால்தான் அறியாமல் ஒத்த கோலம் போடும் அடுத்த பட்டறையும் பிழைக்கும். மோல்டுக்கு லட்சங்களில் செலவழிக்கிறோம். கொடியை வரைந்த கையை மட்டும் கணக்கில் எடுப்பதில்லை. இந்த அலட்சியம்தான் நகலெடுப்பவருக்கு வழிவிடுகிறது. முதல் குடம் கடைக்குப் போகும் முன்பே விண்ணப்பம் போய்ச்சேர வேண்டும்.