பழைய டிரக்கின் கை பிரேக் நெம்புகோலைப் பிரித்தல்

கை பிரேக் என்பது நிறுத்திய வண்டியை நகராமல் பிடித்து வைக்கும் அமைப்பாகும். பழைய டிரக்குகளில் பரவலாகக் காணப்படும் நெம்புகோல் வகையில் வளைந்த பற்சட்டம், அதன் பற்களில் மாட்டிக்கொள்ளும் தடுநாக்கு, நாக்கை அழுத்தும் சுருள்வில், நாக்கை விடுவிக்கும் பொத்தான் ஆகியவை உள்ளன. பற்களோ நாக்கோ மழுங்கினால் நெம்புகோல் வழுக்கி, வண்டி தானே உருளக்கூடும். எனவே மீட்டமைப்பின்போது இதைப் பிரித்துப் பார்ப்பது அவசியம்.

முன்னெச்சரிக்கை

1946 மாடலாக அறிமுகமான அமெரிக்காவின் டாட்ஜ் பவர் வேகனில் கை பிரேக் சக்கரங்களில் அல்லாமல் உந்து தண்டில் செயல்படுகிறது. இத்தகைய வண்டியில் ஒரு பின்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கினால், டிஃபரன்ஷியல் காரணமாக வண்டி நகர முடியும். ஆகவே சமதளத்தில் நிறுத்தி, தரையிலுள்ள சக்கரங்களுக்கு இருபுறமும் கட்டை வைக்க வேண்டும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கலாம். தூசியைக் காற்றடித்து ஊதக் கூடாது.

பிரிக்கும் முறை

1. நெம்புகோலை விடுவித்து, கம்பியின் இழுவிசையைத் தளர்த்த வேண்டும்.
2. ஸ்பிளிட் பின்னை நீக்கி, இணைப்புப் பின்னைக் கழற்ற வேண்டும்.
3. போல்ட்டுகளை அகற்றி நெம்புகோலை வெளியே எடுக்க வேண்டும்.
4. பொத்தானைக் கழற்றும்போது சுருள்வில் தெறிக்கலாம். கண்ணாடி அணிந்து, பொத்தானை அழுத்திப் பிடித்தபடி மெதுவாகத் திருக வேண்டும்.
5. தடுநாக்கின் அச்சாணியைத் தட்டி எடுக்க வேண்டும்.

ஒவ்வொரு படியிலும் படம் எடுத்துவைத்தால் மீண்டும் பூட்டுவது எளிது. தேய்ந்த நாக்கை மாற்றுவதே நல்லது. கழற்றிய ஸ்பிளிட் பின்னை மறுபடி பயன்படுத்தாமல் புதியதையே போட வேண்டும்.