கதவு தட்டும் பருவம்: வேல்ஸ் நாட்டுக் குளிர்காலக் கதைகளும் நம் மாயக் காதற்புனைவும்

தேவதைக் கதைகளின் சாயலில் மாயக் காதற்புனைவு எழுதும் விருப்பம் நம் மாணவரிடையே பெருகி வருகிறது. பிரிக்பீல்ட்ஸிலும் கிள்ளானிலும் வளரும் பிள்ளைகள் எழுதும் அத்தகைய கதைகளைத் திருத்தும் ஆசிரியர்கள் ஒன்றைக் கவனித்திருப்பர். கதைமாந்தரின் பெயர்கள் தமிழாக இருக்கும். கதை நிகழும் நிலம் மட்டும் வெண்பனி மூடியதாக இருக்கும். உறைந்த ஏரி, கற்கோட்டை, குதிரையேறி வரும் இளவரசன், தொலைவில் ஓநாயின் ஊளை. பகலில் வெயிலும் மாலையில் மழையுமாக வாழும் ஊருக்கு இந்தப் பனி எவ்வாறு வந்தது என்று கேட்டால், படித்த நூல்களிலிருந்தும் பார்த்த படங்களிலிருந்தும் வந்தது என்பதே விடை. இரவல் வாங்குவதில் இழுக்கில்லை. கம்பரும் தம் கதையை வடக்கிலிருந்தே பெற்றார். ஆயினும் வாங்கும் பொருளுக்குள் என்ன இருக்கிறது என்று பார்த்து வாங்குவது நல்லது. அவ்வாறு பார்ப்பதற்கு வேல்ஸ் நாட்டுக் குளிர்கால வழக்காறுகளை இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

பிரித்தானியத் தீவின் மேற்கே மலையும் மழையுமாகக் கிடக்கும் சிறு நாடு வேல்ஸ். ஆங்கிலத்திற்குப் பக்கத்து வீட்டில் குடியிருந்தும் தம் மொழியைப் பேச்சிலும் பாட்டிலும் இன்றுவரை வைத்திருக்கும் மக்கள் அவர்கள். அவர்கள்மீது நமக்குத் தனிக் கரிசனம் தோன்றுவது இயல்பே. டிசம்பர் மாதக் கடைசியில் அங்கே பகற்பொழுது எட்டு மணி நேரத்திற்கும் குறைவு. பழங்காலத்தில் வயலில் வேலை அருகிவிடும். சேமித்த தானியமும் உப்பிட்ட இறைச்சியும் வசந்தம்வரை தாங்க வேண்டும். இந்தப் பற்றாக்குறையின் நடுவில்தான் 'மாரி லூயிட்' வாசலுக்கு வருகிறது.

குதிரையின் மண்டையோட்டை ஒரு கோலில் பொருத்தி, வெள்ளைத் துணி போர்த்தி, வண்ண நாடாக்கள் கட்டுவர். துணிக்குள் மறைந்து நிற்பவர் அதன் தாடையை அசைத்துக் கடகடவென ஒலி எழுப்புவார். கிறிஸ்துமஸ், புத்தாண்டு நாள்களில் ஒரு குழு இதனை வீடு வீடாகக் கொண்டு செல்லும். (பெயரைக் கேட்டவுடன் நம் மாரியம்மனோடு முடிச்சுப் போடும் ஆசை எழக்கூடும். அடக்கிக்கொள்வோம், ஒலி ஒற்றுமை உறவாகாது.) வீட்டின் கதவு மூடியிருக்கும். வெளியில் நிற்போர் பாட்டாகவே கேட்பர். உள்ளே இருப்போர் பாட்டாகவே மறுப்பர். இந்தப் பாட்டுப் போருக்குப் 'புங்கோ' என்று பெயர். நம் எசப்பாட்டையும் லாவணியையும் அறிந்தவர்க்கு இதன் சுவை விளக்காமலே புரியும். உள்ளே இருப்போர்க்கு மறுபாட்டு வராதபோது கதவு திறக்கும். வந்தவர்கள் உண்டு குடித்து, வீட்டாரை வாழ்த்திச் செல்வர். இறந்த விலங்கின் தலை ஒன்று குளிர்கால இரவில் வாசலில் நின்று பாட்டுப் பாடி உணவு கேட்கிறது. அச்சமும் வேடிக்கையும் விருந்தோம்பலும் ஒரே வாசற்படியில் கூடும் இடம் இது.

அதே நாட்டில் 'பிளகைன்' என்னும் வழக்கமும் உண்டு. சேவல் கூவும் நேரம் என்பது அச்சொல்லின் மூலப்பொருள். கிறிஸ்துமஸ் நாளன்று விடியுமுன், மூன்று மணிக்கும் ஆறு மணிக்கும் இடையே, மெழுகுவத்தி வெளிச்சத்தில் மக்கள் தேவாலயத்தில் கூடி, இசைக்கருவித் துணையின்றிப் பாடுவர். அதுவரை உறங்காதிருக்க வேண்டுமே. அதற்காக இளையோர் ஒரு வீட்டில் கூடிச் சர்க்கரைப் பாகு காய்ச்சுவர். கொதிக்கும் பாகைக் குளிர்ந்த நீரில் சொட்டவிட்டால் அது எழுத்து வடிவங்களாகச் சுருண்டு உறையும். அந்த எழுத்து, வரப்போகும் கணவன் அல்லது மனைவி பெயரின் முதலெழுத்து என்று நம்பினர். காதற்புனைவுக்கு இதைவிட நல்ல தொடக்கக் காட்சி வேறெங்கே கிடைக்கும்?

இனி இரண்டு கதைகள். முதலாவது துயின்வென் என்னும் இளவரசியின் கதை. மைலன் என்பவனோடு அவளுக்கிருந்த காதல் கைகூடவில்லை. அதனை மறக்க அருளுமாறு அவள் இறைவனை வேண்டுகிறாள்; ஒரு பானம் அருளப்படுகிறது; மைலனோ பனிக்கட்டியாக உறைந்து போகிறான். பின்னர் அவளுக்கு மூன்று வரங்கள் கிடைக்கின்றன. மைலன் உருகி உயிர்பெற வேண்டும். உண்மைக் காதலர்களை இறைவன் காக்க வேண்டும். தான் என்றும் மணம் செய்யாதிருக்க வேண்டும். இம்மூன்றையும் கேட்டுப் பெற்று, ஆங்கில்சி தீவை ஒட்டிய சிறு நிலத்தில் துறவியாக வாழ்ந்தாள் என்பர். வேல்ஸ் மக்கள் சனவரி 25ஆம் நாளை இவள் பெயரால் காதலர் நாளாகக் கொண்டாடுகின்றனர். காதலர்களின் காவலி, காதலை மறுத்தவள்.

இரண்டாவது கதை, 14ஆம் நூற்றாண்டுச் சுவடிகளில் கிடைத்து, சார்லட் கெஸ்ட் அம்மையார் 1838 முதல் 1849 வரை ஆங்கிலத்தில் வெளியிட்ட 'மாபினோகியன்' தொகுதியில் இடம்பெறுவது. கிரெய்தலாட் என்னும் பெண் குவிதிர் என்பவனோடு செல்கிறாள். மறுவுலகோடு தொடர்புடைய குவின் அவளை வலிந்து தூக்கிச் செல்கிறான். போர் மூள்கிறது. ஆர்தர் மன்னன் வந்து தீர்ப்புரைக்கிறான்: பெண் தன் தந்தை வீட்டிலேயே இருக்க வேண்டும், இருவரும் ஆண்டுதோறும் மே முதல் நாளில் அவளுக்காகப் போரிட வேண்டும், உலகம் முடியும் நாளில் வெல்பவனுக்கே அவள். குளிர்காலமும் கோடையும் மாறி மாறிப் பொருதுவதையே இக்கதை குறிக்கிறது எனப் பிற்கால அறிஞர் சிலர் விளக்கினர். அவ்விளக்கம் அழகானதுதான். ஆனால் நமக்கு உறுத்துவது வேறொன்று: கதை முழுவதிலும் கிரெய்தலாட் ஒரு சொல்லும் பேசவில்லை.

இவற்றைக் கூர்ந்து நோக்கினால், பனி என்பது இவ்வழக்காறுகளில் ஓவியத்தின் பின்புலமாக இல்லை. பனி என்றால் உணவு குறைவு. உணவு குறைந்தால் கதவு மூடப்படும். மூடிய கதவை ஒருவர் தட்ட வேண்டும். தட்டுபவர் அதற்குரிய விலையைப் பாட்டாகவோ வரமாகவோ வாழ்வாகவோ தர வேண்டும். காதல் அந்த வாசலில் பிறக்கிறது. யார் தட்டுகிறார், யார் திறக்கிறார், யார் திறக்க மறுக்கிறார் என்பதே கதை. நம் மாணவர் பெரும்பாலும் பனியை எடுத்துக்கொண்டு கதவை விட்டுவிடுகின்றனர்.

கதவைத் தேடி நாம் வேல்ஸ் வரை போக வேண்டியதில்லை. மார்கழி விடியலில் கிள்ளான் சுந்தரராஜப் பெருமாள் கோயில் போன்ற வைணவத் தலங்களில் ஆண்டாளின் திருப்பாவை ஒலிக்கிறது. பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்துக் கந்தசுவாமி கோயில் போன்ற சைவத் தலங்களில் மாணிக்கவாசகரின் திருவெம்பாவை ஒலிக்கிறது. 30 பாடல்களும் 20 பாடல்களும் கொண்ட இவ்விரு நூல்களிலும் கன்னியர் விடியுமுன் தோழியரின் வாசலில் நின்று எழுப்புகின்றனர். உள்ளே படுத்திருப்பவள் எளிதில் எழுவதில்லை. வெளியே நிற்போர் சீண்டுகின்றனர். அவள் உள்ளிருந்தே எதிருரைக்கிறாள். நோன்பின் நோக்கங்களுள் நல்ல கணவனைப் பெறுவதும் ஒன்று. குளிர்ந்த விடியல், மூடிய கதவு, பாட்டில் வாக்குவாதம், மணம் பற்றிய வேட்கை ஆகிய நான்கும் இங்கே இருக்கின்றன. இவற்றைப் பிளகைனோடும் புங்கோவோடும் ஒப்பிட்டு, ஒன்று மற்றொன்றிலிருந்து வந்தது என்று சொல்லத் தேவையில்லை. இருளும் குளிரும் மிகுந்த பருவத்தில் மனிதர் ஒருவரையொருவர் எழுப்ப வேண்டியிருந்தது, அவ்வளவே.

மலேசியத் தமிழர்க்கு மற்றொரு விடியலும் உண்டு. தோட்டப்புறத்தில் பொழுது புலருமுன் பெரட்டுக்களத்தில் பெயர் கூப்பிடுவர். வெயில் ஏறுமுன் மரத்தில் பால் நன்கு வடியும் என்பதால், நெற்றியில் கட்டிய விளக்கோடு இருட்டிலேயே பால்மரம் சீவப் புறப்பட்டனர் நம் முன்னோர். மழை பெய்தால் மரம் சீவ இயலாது. ஆண்டின் தொடக்க மாதங்களிலோ பால்மரங்கள் இலைகளைச் செம்மஞ்சளாக்கி உதிர்த்துவிட்டு மொட்டையாக நிற்கும். தோட்டத் துரைமார் தம் நாட்டு நினைவோடு அதற்கு 'விண்டரிங்', அதாவது குளிர்காலம் கொள்ளுதல், என்று பெயர் வைத்தனர். அந்நாள்களில் பால் குறையும். சறுகு மூடிய காடு, எலும்பு போன்ற கிளைகள், குறையும் வருவாய். வெண்பனி விழவில்லை என்பது ஒன்றே குறை; மற்றபடி இது முழுமையான குளிர்காலம். இதனைப் பின்புலமாகக் கொண்ட மாயக் காதற்கதை ஒன்றை எழுத விரும்பும் மாணவர்க்கு எல்லையில் முனியாண்டி காவல் நிற்கிறார். வாசலுக்கு லயன் வீட்டுக் கதவு இருக்கிறது.

நம் அண்டை அயலாரின் கதைகளிலும் வாசல் இருக்கிறது. மலாய் வரலாற்றிலக்கியமான 'சுலாலத்துஸ் சலாத்தின்' கூறும் லேடாங் மலை இளவரசியின் கதையை நம் மாணவர் அறிவர். மலாக்கா சுல்தான் மாமுட் அவளைப் பெண் கேட்டுத் தூதனுப்புகிறார். அவள் கேட்டவை: மலையிலிருந்து மலாக்கா வரை ஒரு பொற்பாலமும் ஒரு வெள்ளிப் பாலமும், ஏழு தட்டுக் கொசு இதயம், ஏழு தட்டு நுண்பூச்சிகளின் இதயம், ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி இளம்பாக்குச் சாறு, அரசரின் இரத்தம் ஒரு கிண்ணம், இளவரசனின் இரத்தம் ஒரு கிண்ணம். மற்றவற்றிற்கெல்லாம் இசைந்த அரசர் மகனின் இரத்தத்தில் நின்றுவிட்டார். 'இல்லை' என்னும் ஒற்றைச் சொல்லை இத்தனை அழகாக விரித்துரைத்த கதை உலகில் அரிது. மூல நூலில் ஹங் துவா முதுமையடைந்தவர். உச்சிக்கு ஏற இயலாமல் வழியில் தங்கிவிட, துன் மாமாட்தான் மேலே செல்கிறார். 2004இல் வெளிவந்த 'புத்திரி குனோங் லேடாங்' திரைப்படம் அதே ஹங் துவாவை இளவரசியின் காதலராக்கியது. பின்னர் அது கோலாலம்பூரில் இசை நாடகமாகவும் அரங்கேறியது. நாட்டார் கதை காதற்புனைவாக மாறும் முறைக்கு இது நல்ல பாடம். நிபந்தனைகளைப் படம் கைவிடவில்லை. அவற்றுக்கு ஒரு காரணத்தைத் தந்தது. ஆனால் அந்தக் காரணமே ஓர் இழப்பும் ஆயிற்று என்பது நம் கருத்து. மூலக்கதையில் அவளுடைய மறுப்புக்கு எந்த ஆணும் காரணமில்லை.

சீன மரபிலிருந்து எழுதுவோரும் உள்ளனர். மலேசியரான யாங்ஸி சூ ஆங்கிலத்தில் எழுதிய 'தி கோஸ்ட் பிரைட்' 2013இல் வெளிவந்தது. இறந்தவனுக்குப் பெண் கேட்கும் வழக்கத்தை 19ஆம் நூற்றாண்டு இறுதி மலாக்காவில் வைத்து அவர் காதற்கதையாக்கினார். தமிழில் அதற்கு இணையாக நாம் எதை எடுப்பது?

அல்லி அரசாணி மாலையை எடுக்கலாம். புகழேந்திப் புலவர் பெயரில் வழங்கும் இக்கதைப்பாடல் மதுரையை ஆண்ட அல்லியைப் பற்றியது. ஆண்களை அணுகவிடாத அரசி அவள். 'அல்லி ராஜ்ஜியம்' என்று இன்றும் வீட்டுப் பேச்சில் நாம் சொல்வது அவளை வைத்தே. அர்ச்சுனன் அவளை விரும்புகிறான். கண்ணனின் உதவியோடு பாம்புருக் கொண்டு அவள் படுக்கையறைக்குள் நுழைந்து, அவள் உறங்கும்போது தாலி கட்டிவிடுகிறான். கதவைத் தட்டாமல் நுழைந்தவன் இவன். பழைய மேடையில் இது தந்திரமாகவும் வேடிக்கையாகவும் கைதட்டல் பெற்றிருக்கலாம். இன்று நான்காம் படிவத்தில் அமர்ந்திருக்கும் மாணவி இதனைக் கேட்டால் சிரிப்பாளா? மலாய் நம்பிக்கையில் பொந்தியானாக்கின் பிடரியில் ஆணியறைந்தால் அவள் அழகிய பெண்ணாகி மனைவியாக வாழ்வாள். ஆணியைப் பிடுங்கினால் பறந்துவிடுவாள். தாலியும் ஆணியும் இங்கே ஒரே வேலையைச் செய்கின்றன.

இத்தகைய கதைகளை மறைப்பதும் தவறு. இன்றைய சுவைக்கேற்ப மழுங்கடிப்பதும் தவறு. அர்ச்சுனனை நல்லவனாக்கி, அல்லி முன்பே அவனை உள்ளூர விரும்பினாள் என்று எழுதிவிட்டால் கதை எளிதாக முடிந்துவிடும். அதற்குப் பின் அல்லிக்குச் சொல்ல எதுவும் இராது. மாயத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அல்லி விழித்தெழும் நொடியிலிருந்து கதையைத் தொடங்கச் சொல்லலாம். கழுத்தில் தாலி, அறையில் பாம்பு, வெளியே அவளுடைய பெண்படை. அவள் என்ன விலை கேட்பாள்? அவன் வெளியே சென்று, கதவை முறையாகத் தட்டி, எத்தனை காலம் காத்திருக்க வேண்டும்? அப்போதும் அவள் திறக்காமல் போகலாம். லேடாங் இளவரசியும் துயின்வென்னும் திறக்கவில்லை. எனினும் அவர்கள் கதைகள் காதற்கதைகளாகவே நிலைத்துள்ளன.

இதில் காலமும் நம்மை நெருக்குகிறது. சீபீல்டு தோட்டம் இருந்த நிலத்தில் இன்று சுபாங் ஜெயாவின் வீடுகள் நிற்கின்றன. பெரட்டுக்களத்தையும் இலையுதிர்ந்த பால்மரக்காட்டையும் கண்ணால் கண்டவர்கள் கிள்ளான் பள்ளத்தாக்கின் அடுக்குமாடி வீடுகளில் முதுமையடைந்து வருகின்றனர். அவர்களிடம் இருக்கும் கதைகள் பெரும்பாலும் அச்சேறாதவை. ஆகவே அடுத்த பள்ளி விடுமுறைக்கான பயிற்சியாக ஒன்றை ஆசிரியர்களிடம் முன்வைக்கிறோம். ஒவ்வொரு மாணவரும் தோட்டத்தில் வாழ்ந்த ஒருவரிடம் ஒரே ஒரு கதையைக் கேட்டு வர வேண்டும். சொன்னவர் எந்தத் தோட்டத்தவர், யாரிடம் அதைக் கேட்டார், அந்நாளில் மரம் இலை உதிர்த்திருந்ததா அல்லது மழைக்காலமா என்பவற்றைக் குறித்துக்கொள்ள வேண்டும். கதையில் வரும் மலாய்ச் சொற்களையும் கொச்சையையும் திருத்தாமல் சொன்னபடியே எழுத வேண்டும். பிறகு வகுப்பில் அந்தக் கதையில் யார் யாருடைய கதவைத் தட்டுகிறார் என்று தேடச் சொல்லலாம். புனைவு எழுதும் தாளை அதற்குப் பின்னரே கொடுக்கலாம்.