கனடாவில் மகன், நல்லூரில் அம்மா: சட்டத்தில் குடும்பம் என்றால் யார்?

எங்கள் நல்லூர் திருப்பூர் மாநகராட்சிக்குள் இருக்கிறது. கூகுளில் நல்லூர் என்று தேடினால் முதலில் வருவது யாழ்ப்பாணத்து நல்லூரும் கந்தசாமி கோயிலும்தான். அந்த நல்லூரில் பிறந்து, மன்னாரில் வாழ்க்கைப்பட்டு, 2006ல் போர் மறுபடி மூண்டபோது படகில் தனுஷ்கோடிக்கு வந்த ஒரு அம்மா இங்கே பனியன் கம்பெனி ஒன்றில் செக்கிங் வேலை பார்க்கிறார். "ஒரு நல்லூரில பிறந்து இன்னொரு நல்லூருக்கு வந்து சேர்ந்திட்டன் தம்பி" என்று அவரே சிரிப்பார். (அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காகச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

வரும்போது கூட இருந்தது ஆறு வயது மகள் மட்டும். கணவர் போரில் போய்விட்டார். மகன் கொழும்பில் மாமா வீட்டில் இருந்தான். பையன்கள் காணாமல் போய்க்கொண்டிருந்த காலம் என்பதால், 2008ல் 16 வயதில் அவனை மாமா கனடாவுக்கு அனுப்பிவிட்டார். அங்கே அவனை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். இப்போது கனடா குடிமகன், சேமிப்புக் கிடங்கு ஒன்றில் வேலை.

போன மாதம் அந்த அம்மா கேட்டார்: "என்ர பிள்ளை அங்க சிற்றிசன் ஆகிட்டான். பிறகு ஏன் தம்பி என்னைக் கூப்பிடேலாது?"

எனக்குப் பதில் தெரியவில்லை. நான் வக்கீல் கிடையாது, கோடு எழுதிப் பிழைப்பவன். ஆனால் குடியேற்ற விதிகளும் ஒரு மாதிரி கோடுதான், உட்கார்ந்து படித்தால் எந்த 'இஃப்' கண்டிஷனில் ஆள் வெளியே விழுகிறார் என்று கண்டுபிடித்துவிடலாம். மூன்று வாரம் படித்தேன்.

முதல் கண்டிஷன், குடும்பம் என்ற சொல்லுக்கு உள்ள விளக்கம். கனடாவில் ஒருவரை அகதியாக ஏற்றுக்கொண்டால், நிரந்தர வசிப்புரிமைக்கான மனுவில் அவர் குடும்பத்தையும் சேர்க்கலாம். ஆனால் அந்தக் குடும்பத்தில் இருப்பது கணவன் அல்லது மனைவி, அவர்களைச் சார்ந்த பிள்ளைகள், அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகள். அப்பா, அம்மா கிடையாது. அதாவது அம்மா முதலில் போயிருந்தால் மகனைக் கூப்பிட்டிருக்கலாம். மகன் முதலில் போனதால், 16 வயதுப் பையன் அம்மாவைச் சேர்க்க அந்த மனுவில் இடமே இல்லை. மனிதாபிமான அடிப்படையில் விதிவிலக்கு தாருங்கள் என்று கேட்க 25ஆம் பிரிவு இருக்கிறது. ஆனால் அது உரிமை இல்லை, அதிகாரியின் முடிவு.

இத்தனைக்கும் ஐநா குழந்தைகள் உரிமை உடன்படிக்கையின் 10ஆம் பிரிவு, குடும்பம் ஒன்றுசேரக் கேட்கும் மனுக்களை மனிதாபிமானத்தோடும் விரைவாகவும் பார்க்கச் சொல்கிறது. கனடா 1991லேயே அதை ஏற்ற நாடு.

இதே பையன் ஜெர்மனிக்கோ நெதர்லாந்துக்கோ போயிருந்தால் கதை வேறு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2003ஆம் வருட நெறிமுறைப்படி, தனியாக வந்து அகதியாக ஏற்கப்பட்ட சிறுவனின் பெற்றோரை அனுமதித்தே ஆகவேண்டும். (டென்மார்க், அயர்லாந்து இதில் சேரவில்லை. பிரிட்டன் உறுப்பினராக இருந்தபோதும் சேரவில்லை.) எரித்திரியாவிலிருந்து நெதர்லாந்துக்கு 17 வயதில் போன ஒரு பெண்ணுக்கு, வழக்கு முடிவதற்குள் 18 ஆகிவிட்டது. இனி நீ சிறுமி இல்லை என்றார்கள். ஐரோப்பிய நீதிமன்றம் 2018 ஏப்ரலில், அகதி மனு போட்ட நாளில் என்ன வயதோ அதுதான் கணக்கு என்று தீர்ப்பளித்தது. அலுவலகத்தின் தாமதத்துக்குப் பிள்ளையின் வயதைப் பலி கொடுக்கக்கூடாது என்பது எனக்கு மிக நியாயமாகப் படுகிறது. ஆனால் எந்த நாட்டுக்குப் போவது என்பதை ஏஜென்ட் முடிவு செய்தார், பையன் இல்லை.

சரி, பையன் பெரியவனாகிக் குடிமகனும் ஆகிவிட்டான். அப்போது பெற்றோரை ஸ்பான்சர் செய்யலாமே? செய்யலாம், திட்டம் இருக்கிறது. குறைந்த வருமான வரம்பை விட 30 சதவீதம் அதிகமான வருமானத்தைப் பொதுவாக மூன்று வரி ஆண்டுகளுக்குக் காட்ட வேண்டும். கியூபெக் தவிர மற்ற மாகாணங்களில் 20 வருடம் பெற்றோரின் செலவுக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட வேண்டும். இதெல்லாம் இருந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும் அல்லவா? 2011 நவம்பரில் புது மனுக்களை நிறுத்தினார்கள். 2014ல் திறந்தபோது வருடத்துக்கு 5,000 மனு மட்டும். 2017ல் குலுக்கல். 2019 ஜனவரியில் முதலில் வருபவருக்கு முன்னுரிமை என்று ஆன்லைனில் திறந்து, பத்துப் பதினோரு நிமிடத்தில் மூடிவிட்டார்கள். நம்ம ஊர் தட்கல் புக்கிங் எவ்வளவோ தேவலாம். 2020ல் அக்டோபர் 13 முதல் நவம்பர் 3 வரை விருப்பப் படிவம் வாங்கினார்கள். 2021 முதல் 2025 வரை அழைத்ததெல்லாம் அந்த மூன்று வாரத்தில் படிவம் போட்டவர்களிலிருந்துதான். மகன் அந்த மூன்று வாரமும் நைட் ஷிப்டில் இருந்திருக்கிறான். அறிவிப்பையே பார்க்கவில்லை.

இதில் என்னை மிகவும் உறுத்தியது தங்கையின் வயது. அம்மாவை ஸ்பான்சர் செய்தால், அம்மாவைச் சார்ந்த பிள்ளை என்று தங்கையையும் சேர்க்கலாம், திருமணமாகாமல் 22 வயதுக்குக் கீழே இருந்தால். (2014 முதல் 2017 வரை இந்த வரம்பு 19ஆகக்கூட இருந்தது.) மனு போய்ச் சேரும் நாளில் வயது பூட்டிக்கொள்ளும், பிறகு ஏறாது. அவள் 2000ல் பிறந்தவள். 2021ல் அழைப்பு வந்து மனு போயிருந்தால் உள்ளே. 2022ல் வெளியே. அண்ணன் நேரடியாகத் தங்கையைக் கூப்பிட வேண்டுமானால், அவள் 18 வயதுக்குக் கீழே இருக்க வேண்டும், அப்பா அம்மா இருவருமே இறந்திருக்க வேண்டும். இதை அந்த அம்மாவிடம் எப்படிச் சொல்வது என்று இரண்டு நாள் யோசித்தேன்.

இப்போதைக்கு மிச்சம் சூப்பர் விசா. குடியுரிமை கிடைக்காது. ஆனால் 2022 ஜூலையிலிருந்து ஒரு தடவை உள்ளே போனால் ஐந்து வருடம் வரை இருக்கலாம். குறைந்தது 1 லட்சம் கனடா டாலருக்கு மருத்துவக் காப்பீடு வேண்டும், மகனின் வருமானம் வேண்டும். இதில் தங்கையைச் சேர்க்க முடியாது. அதைவிட முக்கியம், பாஸ்போர்ட் வேண்டும். படகில் வந்தவரிடம் பாஸ்போர்ட் ஏது? சென்னையில் இருக்கும் இலங்கைத் துணைத் தூதரகத்தில் வாங்க வேண்டும், அதற்கு யாழ்ப்பாணத்துப் பிறப்புச் சான்று வேண்டும். விசா இல்லாமல் இந்தியாவுக்குள் வந்தவர் என்பதால், வெளியே போக இந்திய அரசின் அனுமதியும் தேவை. 2015 ஜனவரி 9க்கு முன் வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு, பயண ஆவணம் இல்லாததற்காகத் தண்டனை இல்லை என்று 2025ல் மத்திய அரசு உத்தரவு போட்டது. அதனால் இங்கே நிம்மதியாக இருக்கலாம். விமானம் ஏற அது போதாது.

விதிகள் எப்போதும் இப்படித்தானா என்றால், இல்லை. 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பிறகு கனடா இலங்கைத் தமிழர்களுக்காகச் சிறப்பு ஏற்பாடு செய்து, அங்கே உறவினர் இருந்தவர்களுக்கு விதிகளைத் தளர்த்தியது. 2024 பிப்ரவரியில் சூடான் போருக்காகத் திறந்த திட்டத்தில் அப்பா, அம்மா, அண்ணன், தங்கை, எந்த வயதுப் பிள்ளையானாலும் குடும்பம் என்றே எழுதியிருக்கிறார்கள். ஆக, அந்த விளக்கத்தை விரிக்க அவர்களால் முடியும். ஆனால் இந்தத் திட்டங்களுக்கு எண்ணிக்கை வரம்பும் கெடுவும் உண்டு, கூப்பிடுகிற உறவினர் அந்த நேரம் விழித்திருக்கவும் வேண்டும்.

இதே நிலையில் யாராவது இருந்தால் ஒன்று சொல்வேன். முதல் படிவத்திலேயே எல்லா உறவையும் எழுதுங்கள். "அப்பா அம்மா இல்லை என்று சொல், சுலபமாகக் கிடைக்கும்" என்று ஏஜென்ட் சொல்வதைக் கேட்டால், பின்னால் கூப்பிடும்போது அதுவே பொய் சொன்ன குற்றமாகத் திரும்பி வரும். நல்லவேளை, இந்தப் பையன் உண்மையைச் சொல்லியிருக்கிறான்.

ஞாயிற்றுக்கிழமை போய் எல்லாவற்றையும் சொன்னேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. "மகள விட்டிட்டுப் போறதெண்டா நான் யோசிக்கோணும்" என்றார். மகள்தான், "எனக்கும் சேர்த்து பாஸ்போர்ட்டுக்குப் போடுங்க அண்ணா, படிக்கவோ வேலைக்கோ நானாப் பார்த்துக்கறேன்" என்றாள். பேச்சு முழுக்கத் திருப்பூர்த் தமிழாகிவிட்டது அவளுக்கு. பிறப்புச் சான்றுகளின் நகல் கேட்டு அங்கே ஒரு உறவினருக்கு இருவர் விவரத்தையும் அனுப்பியிருக்கிறோம். இன்னும் வரவில்லை.