இன்வெர்ட்டரில் ஃபேன் ஏன் உறுமுகிறது?

கரண்ட் போனதும் இன்வெர்ட்டரில் கம்ப்யூட்டர் ஒழுங்காக ஓடுகிறது. ஃபேன் மட்டும் ஏன் 'உர்ர்' என்கிறது? சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்த 2012-ல், கழுகுமலையில் என்னிடம் பலரும் கேட்ட கேள்வி இது. பதிலை உங்கள் கம்ப்யூட்டரிலேயே பார்க்கலாம். ஷாக் அடிக்காது!

எல்டிஸ்பைஸ் என்ற இலவச மென்பொருளை டவுன்லோடு செய்து இன்ஸ்டால் செய்யுங்கள். 1970-களில் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் பிறந்த ஸ்பைஸ் என்ற புரோகிராமின் வழிவந்தது இது. மின்சுற்றை வரைந்தால் போதும், சமன்பாடுகளை அதுவே போட்டுத் தீர்த்து அலையை வரைந்து காட்டும்.

வீட்டு லைனில் வருவது வளைந்து ஏறி இறங்கும் சைன் அலை. உச்சம் 325 வோல்ட். நாம் சொல்லும் 230 அதன் ஆர்எம்எஸ் மதிப்பு. மலிவான இன்வெர்ட்டர் பேட்டரி கரண்டை ஸ்விட்ச் போட்டு அணைத்துப் படிக்கட்டு போன்ற அலையாக்குகிறது.

அதை வரைய இரண்டு வோல்டேஜ் சோர்ஸ்களைத் தொடராக இணையுங்கள். இரண்டிலும் பல்ஸ் வகையைத் தேர்ந்தெடுங்கள். ஒன்றில் 325, மற்றதில் மைனஸ் 325. ஆன் நேரம் 5 மில்லி செகண்ட், பீரியட் 20. இரண்டாவதற்கு டிலே 10. ஏறும், இறங்கும் நேரத்துக்கு 1 மைக்ரோ செகண்ட் கொடுங்கள். காலியாக விட்டால் மென்பொருள் தன் இஷ்டத்துக்குச் சரிவு போட்டுவிடும். லோடாக 530 ஓம் ரெசிஸ்டர். 100 வாட் பல்புக்குச் சமம். கிரவுண்ட் குறியீடு கட்டாயம். 100 மில்லி செகண்டுக்கு ரன் செய்யுங்கள்.

கண்ட்ரோல் கீயை அழுத்தியபடி அலையின் பெயரில் கிளிக் செய்தால் ஆர்எம்எஸ் 230 என்று வரும். உச்சமும் 325. கம்ப்யூட்டரின் எஸ்எம்பிஎஸ் முதல் வேலையாக மின்சாரத்தை டிசியாக்கிக் கெப்பாசிட்டரில் உச்ச அளவுக்கு நிரப்பிக்கொள்வதால், அலையின் வடிவம் அதற்குப் பெரிய பொருட்டல்ல. (ஆக்டிவ் பிஎஃப்சி உள்ள சில எஸ்எம்பிஎஸ்கள் முரண்டு பிடிக்கும்.)

இப்போது படத்தில் ரைட் கிளிக் செய்து வியூ மெனுவில் எஃப்எஃப்டி பாருங்கள். 50 ஹெர்ட்ஸுக்கு அப்பால் 150-லும் ஒரு கூம்பு! 50-ல் இருப்பதில் மூன்றில் ஒரு பங்கு. ஃபேன் மோட்டார் உறுமுவதும் சூடாவதும் இதுபோன்ற உபரி அலைகளால்தான்.

ஆன் நேரத்தை 6.67 ஆக்கிப் பார்த்தேன். 150 கூம்பு ஏறக்குறைய மறைந்தது, ஆனால் ஆர்எம்எஸ் 265-க்கு எகிறியது. 230-க்கு இறக்க உச்சத்தை 282 ஆக்க வேண்டும்; அப்போது எஸ்எம்பிஎஸ்ஸுக்கு வோல்டேஜ் குறையும். ஒன்றைச் சரிசெய்தால் மற்றது இடிக்கிறது.

சைன் வேவ் இன்வெர்ட்டர் இதைச் சமாளிப்பது நொடிக்குப் பல ஆயிரம் முறை ஸ்விட்ச் செய்து, பல்ஸின் அகலத்தை மாற்றி மாற்றி, பிறகு வடிகட்டி. எங்களுக்குப் பக்கத்துக் கயத்தாற்றில் சுழல்வது போன்ற காற்றாலைகளின் புதிய வகைகளிலும் இதே நுட்பம்தான், அளவுதான் பெரிது.

கடையில் 'மாடிஃபைடு சைன்' என்றால் சைன் என்று நினைத்துவிடாதீர்கள். நாம் வரைந்த படிக்கட்டுதான் அது.