குதிரைக்கு முன் பாதையைப் பாருங்கள்

போசரித் தொழிற்பேட்டையில் வாரம் முழுதும் இயந்திர ஓசை கேட்பவர்கள் விடுமுறையில் சென்று வரத்தக்க மலை ஊர் மாதேரான். 1850-இல் தாணே கலெக்டர் ஹியூ மாலட் கண்டறிந்த இவ்வூர், சுமார் 800 மீட்டர் உயரத்தில் உள்ளது. கர்ஜத்தில் ரயில் மாறி நேரள் சென்றால், அங்கிருந்து வாடகைக் கார் தஸ்தூரி நாகா வரை போகும். அதற்கு மேல் பயணிகளின் கார்களுக்கு அனுமதியில்லை. சவாரிக் குதிரைகள் அங்கே நிற்கும்.

முதன்முறை ஏறுவோர் குதிரையின் அழகைப் பார்க்கிறார்கள். முதலில் பார்க்க வேண்டியது பாதையை. விழுந்து கை முறிந்தால் தொழிலாளிக்குப் பல வாரச் சம்பளம் போய்விடும்.

புதியவர்களுக்கும் குழந்தைகளுக்கும் ஊருக்குக் குடிநீர் தரும் சார்லட் ஏரி வரையிலான மரநிழல் பாதை போதும். பனோரமா முனை ஊரின் வடகோடியில் இருக்கிறது. சூரியோதயம் அழகுதான், ஆனால் தூரம் அதிகம். சவாரி பழகியவர்கள் போகலாம். மழைக்காலத்தில் செம்மண் வழுக்கும். பள்ளத்தாக்கின் ஓரப் பாதைகளைத் தவிர்ப்பதே நல்லது.

போகும் இடம், நேரம், கட்டணம் மூன்றையும் ஏறுமுன்பே பேசி முடிக்க வேண்டும். சேணத்தின் வார் இறுக்கமாக இருக்கிறதா, குதிரை நொண்டுகிறதா, முதுகில் புண் உண்டா என்று பார்ப்பது அவசியம். தலைக்கவசம் கேட்டு வாங்க வேண்டும். ஏற்றத்தில் முன்னும் இறக்கத்தில் பின்னும் சாய்ந்தால் குதிரைக்கும் சிரமம் குறையும்.

பாதை அச்சம் தந்தால் இறங்கி நடக்கலாம். மாதேரானில் நடப்பவர்களே அதிகம், யாரும் சிரிக்கமாட்டார்கள்.